குளோரோபிளாட்டினிக் அமிலம் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

பிளாட்டினம் கரைசலாக வேண்டும் என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது குளோரோபிளாட்டினிக் அமிலம்தான். வினையூக்கி தயாரிப்பவர், எலக்ட்ரோடுக்குக் கருப்புப் பூச்சு போடுபவர், சிலிகோன் ரப்பர் வார்ப்பவர் என்று பலருடைய அலமாரியிலும் ஒரு குட்டி பாட்டில் இருக்கும். பாட்டில்தான் குட்டி, விலை குட்டி இல்லை. அதனாலேயே வேலை கெட்டால் "சரக்கு மோசம்" என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். என்னிடம் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் சரக்கு நன்றாகவே இருந்தது. அதைத் தொட்ட கரண்டியோ, பக்கத்தில் திறந்திருந்த வேறொரு பாட்டிலோதான் கைவரிசையைக் காட்டியிருந்தது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இதன் தூளும் தெறிப்பும் மூச்சில் போகக் கூடாது. கரையும் பிளாட்டினம் உப்புகளுக்கு, 8 மணி நேர வேலைக்குப் பரவலாக வைக்கப்படும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.002 மி.கி. பிளாட்டினம். கண்ணுக்குத் தெரியும் தூசி என்றால் வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஃபியூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் பெட்டி) வேலை, கையில் கையுறை, சிந்தினால் ஈரத்துணி. துடைப்பத்தை எடுக்கவே வேண்டாம்.

அறிகுறி: தூள் இருக்க வேண்டிய இடத்தில் பாகு

மூடி சரியாக இறுகவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். காற்றின் ஈரத்தை இது அப்படி இழுக்கும். எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே மேற்பரப்பு பளபளக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். அடுத்த காரணம் குளிர்பெட்டி. பாட்டில் அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் உள்ளே பனி படியும். சூடான அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் வழக்கமாகத் தூளாக வரும் ஹெக்சாஹைட்ரேட் (ஆறு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த அமிலம்) சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடும்.

பொருள் கெடவில்லை. கெட்டது கணக்கு மட்டும்தான், இனி ஒரு கிராமில் எவ்வளவு பிளாட்டினம் என்று சொல்ல முடியாது. அடுப்பில் வைத்து உலர்த்தப் பார்க்காதீர்கள். தண்ணீரோடு ஹைட்ரஜன் குளோரைடும் போய், மிஞ்சுவது என்னவென்றே தெரியாமல் போகும். மொத்தத்தையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, தெரிந்த கன அளவுக்குக் கொண்டுவந்து, ஒருமுறை பிளாட்டினம் அளவைப் பார்த்துவிட்டால் போதும். அப்புறம் எடை போடும் வேலையே இல்லை, பிப்பெட்டால் எடுத்துக்கொள்ளலாம். நான் புதுப் பாட்டிலையே முதல் நாளில் இப்படிச் செய்துவிடுகிறேன்.

கரைத்த பின் அடியில் மஞ்சளாக மிஞ்சினாலும் கருப்பாக மிஞ்சினாலும் கீழே தனித்தனியாகப் பாருங்கள்.

அறிகுறி: தண்ணீரில் கரையவே மறுக்கிறது

லேபிளைப் படியுங்கள். "பிளாட்டினம் குளோரைடு" என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள் விற்பனையில் உண்டு. டைகுளோரைடு தண்ணீரில் கரையாது. டெட்ராகுளோரைடு கரையும். மூன்றாவதுதான் நம் அமிலம். பெயரை நம்பாமல் சி.ஏ.எஸ். எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண்) பாருங்கள்: 18497-13-7 என்றால் ஹெக்சாஹைட்ரேட், 16941-12-1 என்றால் அதே அமிலத்தின் பொதுவான எண். வேறு எண் இருந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள். திறந்துவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

அறிகுறி: கரைசலின் அடியில் மஞ்சள் தூள்

அடிக்கடி வருவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொட்டாசியமோ அம்மோனியமோ உள்ளே புகுந்தால் இந்த அமிலத்தின் உப்பு, அதாவது குளோரோபிளாட்டினேட், மஞ்சள் வீழ்படிவாக இறங்கிவிடும். ஒரு காலத்தில் பொட்டாசியத்தை அளந்ததே இந்த வீழ்படிவை எடை போட்டுத்தான். அன்று அது அளவீடு, இன்று நமக்குத் தலைவலி.

முதலில் உறுதி செய்யுங்கள். வண்டலில் சிறிது எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் சூடாக்கவும். சூட்டில் கரைந்து, ஆறியதும் மினுமினுக்கும் மஞ்சள் படிகமாகத் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம். பொட்டாசியம் உப்பு அறை வெப்பத்தில் 100 மி.லி. தண்ணீரில் ஒரு கிராம்கூடக் கரையாது, கொதிநீரில் சுமார் 5 கிராம் கரையும். எது புகுந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு சிட்டிகையைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கி, மேலே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடியுங்கள். நீலமானால் அம்மோனியம், ஆகாவிட்டால் பொட்டாசியம்.

இனி, எங்கிருந்து வந்தது?

பி.எச். சரிசெய்ய யாராவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ அம்மோனியாவோ ஊற்றினார்களா என்று கேளுங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். சோடியத்துக்கு மாறினால் போதும், சோடியம் உப்பு நன்றாகக் கரையும்.

யாரும் எதுவும் ஊற்றவில்லையா? பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடைப் பாருங்கள். ஒரு இடத்தில் தினமும் காலையில் தொட்டியின் அடியில் மெல்லிய மஞ்சள் படலம் இருந்தது. தண்ணீரை மாற்றினார்கள், அமிலத்தை மாற்றினார்கள், சப்ளையரிடம் சண்டையும் போட்டார்கள். நான் போன அன்று எலக்ட்ரோடு தொட்டிக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், நுனியில் இருக்கும் அந்தச் சின்னப் பீங்கான் புள்ளியைச் சுற்றி மட்டும் மஞ்சளாக ஒரு பொருக்கு. எலக்ட்ரோடுக்குள் இருப்பது அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல். அந்தப் புள்ளி வழியாகத்தான் அது கசியும், கசிந்தால்தான் மீட்டரே வேலை செய்யும். அன்றிலிருந்து என் வழக்கம்: இரண்டு மி.லி.யைத் தனிக் குப்பியில் எடுத்து அதில் அளந்து, அளந்ததைக் கழிவு ஜாடிக்கு அனுப்புவது. துல்லியம் தேவையில்லை என்றால் பி.எச். தாளே போதும்.

அடுத்தது காற்று. ஒரே ஃபியூம் ஹூடில் அம்மோனியா பாட்டிலும் இதுவும் திறந்திருந்தால் பாட்டில் கழுத்தில் மஞ்சள் வளையம் விழும். பிறகு கழுவும் சோப்பு: கண்ணாடிப் பாத்திரம் கழுவும் காரத் திரவங்கள் பலவற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. இவை எல்லாம் சுத்தம் என்றான பிறகுதான் சரக்கைச் சந்தேகிக்கலாம். புதுப் பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகையைப் புதுப் பிளாஸ்டிக் குப்பியில் சுத்தமான நீர்த்த அமிலத்தில் கரையுங்கள். அங்கேயும் மஞ்சள் இறங்கினால் லாட் எண்ணோடு சப்ளையருக்கு எழுதுங்கள்.

வடிகட்டி எடுத்த மஞ்சளை எறியாதீர்கள், எடையில் 40 சதவீதத்துக்கு மேல் பிளாட்டினம். தண்ணீரின் நிறம் அளக்கும் ஹேசன் அளவுகோலின் 500 அலகு மூலக் கரைசலே 1.246 கிராம் பொட்டாசியம் குளோரோபிளாட்டினேட்டும் 1 கிராம் கோபால்ட் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டும் 100 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஒரு லிட்டராக்கியதுதான். தற்செயலாக விழுந்த வண்டலை அதற்கு நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது, சுத்தம் உறுதி இல்லை. அம்மோனியம் உப்பை வறுத்தால் பிளாட்டினம் பஞ்சாகக் கிடைக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மேசையில் முயலாதீர்கள். கிளம்பும் புகையோடு உப்பும் பறக்கும், அது நுரையீரலுக்கு மிக மோசமான வகை. சுத்திகரிப்பவரிடம் கொடுங்கள். மிஞ்சிய கரைசலில் பிளாட்டினம் குறைந்திருக்கும், அதையும் மறுபடி அளந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி: கருப்புத் துகள், பாட்டில் சுவரில் சாம்பல் பளபளப்பு

பிளாட்டினம் உலோகமாகத் திரும்பிவிட்டது. உலோக ஸ்பாட்டுலாவைப் பாருங்கள், நுனி கருத்திருக்கும். இரும்பு, துத்தநாகம், அலுமினியம், செம்பு எது பட்டாலும் அது கரைந்து அதன் மேல் பிளாட்டினம் கருப்பாகப் படியும். துருப்பிடிக்காத எஃகும் இந்த அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்காது. சிரிஞ்சு ஊசியால் எடுப்பவர்களுக்கு இது புரியாத புதிராகவே இருக்கும், ஏனென்றால் ஊசியின் உட்புறத்தை யார் பார்க்கிறார்கள்? டெஃப்லான், கண்ணாடி, பிளாஸ்டிக் தவிர வேறெதுவும் தொடக் கூடாது.

உலோகமே படவில்லை என்றால் கரைப்பானைப் பாருங்கள். ஆல்கஹால் கரைசல் வெளிச்சத்திலும் சூட்டிலும் தானாகவே ஒடுங்கும், அதாவது பிளாட்டினம் உலோகமாகிவிடும். பழுப்புப் பாட்டில், இருட்டு, குளிர். அதோடு தேவைக்கு மட்டும் சின்ன அளவில் தயாரிப்பு. அசிட்டோனில் அலசி உலராத குடுவையும் இதே வேலையைச் செய்யும்.

வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாமா? எலக்ட்ரோடு பூச்சுக்குக் கூடாது, கரைந்த இரும்பு உள்ளே இருக்கும். மற்ற வேலைகளுக்கு ஒரு பகுப்பாய்வு செய்து பார்த்து முடிவெடுங்கள்.

அறிகுறி: நிறம் சரியில்லை

அடர்த்தியாக இருந்தால் செம்மை கலந்த ஆரஞ்சு, நீர்த்தால் மஞ்சள். இதுதான் ஆரோக்கியம்.

மஞ்சள் நாளுக்கு நாள் வெளிறுகிறதா? அமிலம் இல்லாமல் வெறும் தண்ணீரில் நீர்த்து, வெளிச்சத்தில் வைத்திருப்பீர்கள். குளோரைடின் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். பிளாட்டினம் எங்கும் போகவில்லை, ஆனால் நடத்தை மாறிவிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த அடர்கரைசலாகவே வைத்து, நீர்ப்பதை அன்றன்று செய்யுங்கள்.

பழுப்புச் சிவப்பாகிவிட்டதா? வற்றவைக்கும்போது சூடு மீறி ஒரு பகுதி கீழ்நிலைக்கு ஒடுங்கியிருக்கலாம். சிறு மாதிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரண்டு துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டு மெல்லச் சூடாக்குங்கள். ஆரஞ்சுக்குத் திரும்பினால் அதுதான். திரும்பாவிட்டால் இரிடியமோ பல்லேடியமோ கலந்திருக்கக்கூடும். இதற்கு மேல் கண்ணால் முடியாது, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பழைய பிளாட்டினத்தை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) நீங்களே கரைத்திருந்தால், சூடாக்கும்போது செம்பழுப்புப் புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நைட்ரஜன் சேர்மங்கள் இன்னும் மிச்சம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, முழுதும் வற்றவிடாமல் பாகு நிலை வரை கொண்டுவந்து, புகை நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூன்று முறைக்குக் குறைந்து எனக்கு முடிந்ததில்லை.

அறிகுறி: எலக்ட்ரோடில் கருப்பு ஏறவில்லை, ஏறினாலும் உதிர்கிறது

கடத்துதிறன் செல்லுக்கு (கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளக்கும் கருவி) பூச்சு போடுபவர்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள். முதலில் ஒயரைப் பாருங்கள். பூச வேண்டிய தகடு எதிர்முனையில் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், நானும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஒயர் சரி, ஆனால் வெல்வெட் கருப்புக்குப் பதில் சாம்பல் நிறம் என்றால் காரீய அசிட்டேட்டை மறந்திருப்பீர்கள். பிளாட்டினம் கருப்பைக் கருப்பாக்குவதே அந்தத் துளிக் காரீயம்தான். கடத்துதிறன் வேலைக்குப் பரவலாக உள்ள கலவை: 100 மி.லி. தண்ணீரில் 1 கிராம் ஹெக்சாஹைட்ரேட், 12 மி.கி. காரீய அசிட்டேட். இன்னொரு கலவையில் அமிலம் 3.5 சதவீதம், காரீய அசிட்டேட் 0.005 சதவீதம், சதுர செ.மீ.க்கு 30 மில்லி ஆம்பியர், அதிகபட்சம் 10 நிமிடம். உயிரணுக்களோடு வைக்கப்போகும் எலக்ட்ரோடுக்குக் காரீயம் வேண்டாம், அங்கே சாம்பலோடு சமாதானமாகிவிடுங்கள்.

திட்டுத்திட்டாக ஏறினால் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. விரல் ரேகை அப்படியே வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன், கட்டைவிரலா ஆள்காட்டிவிரலா என்றுகூடச் சொல்லலாம் போலிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, நீர்த்த கந்தக அமிலத்தில் எதிர்முனையாகக் கொஞ்சநேரம் ஓட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உதிர்ந்தால் மின்னோட்டம் அதிகம் அல்லது நேரம் அதிகம். தடிப்பாகப் போட்டால் நன்றாக உழைக்கும் என்று நினைப்பது தப்பு, தடித்த பூச்சு மசியாகத்தான் உதிரும். பழைய பூச்சின் மேலேயே புதிது போட்டாலும் நிற்காது. பழையதை எடுக்க ஒரு பங்கு நைட்ரிக், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், நான்கு பங்கு தண்ணீர் என்று நீர்த்த ராஜ திராவகத்தில் சிறிது நேரம் முக்கினால் போதும். கண்ணை எடுக்காதீர்கள், அடித்தகடும் பிளாட்டினம்தான், அதுவும் கரையும். முடிந்ததும் நீர்த்த கந்தக அமிலத்தில் மறுபடி எதிர்முனையாக ஓட்டிச் சிக்கிய குளோரைடை வெளியேற்றி, தண்ணீரிலேயே வையுங்கள். காய்ந்துவிட்டால் அளவீடு அலையும். பூசும்போது நேர்முனையில் குளோரின் கிளம்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணாடியில் பொதிந்த செல்லில், ஒயர் நுழையும் இடத்தில் விரிசல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது கண்ணாடி வேலைக்காரரின் பொறுப்பு.

அறிகுறி: சிலிகோன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

சிலிகோனை இறுக வைப்பது ஹைட்ரோசிலைலேஷன் என்ற வினை. ஸ்பையர் என்ற வேதியியலாளர் 1957-இல் ஐசோப்ரோபனாலில் கரைத்த குளோரோபிளாட்டினிக் அமிலத்தை வைத்து வழிகாட்டிய வினை இது. இன்று பெரும்பாலும் சிலிகோனிலேயே கரையும் கார்ஸ்டெட் வகைப் பிளாட்டினம் வினையூக்கி. தொல்லைகள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒட்டுவது அச்சைத் தொட்ட பக்கம் மட்டுமா, உள்ளே முழுதுமா? அச்சுப் பக்கம் மட்டும் என்றால் வினையூக்கியைத் தொடாதீர்கள், விஷம் அச்சில் இருக்கிறது. கந்தகம் கலந்த களிமண், லேட்டக்ஸ் கையுறை, தகர வினையூக்கியில் இறுகிய பழைய சிலிகோன், அமீன் கலந்த ரெசின் இவைதான் வழக்கமான குற்றவாளிகள். அதே கலவையைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வையுங்கள். அங்கே இறுகினால் தீர்ப்பு முடிந்தது.

குப்பியிலும் இறுகாவிட்டால் இரண்டு பகுதிகளின் விகிதம், பிறகு அறை வெப்பம், கடைசியில்தான் வினையூக்கியின் வயது. ஆல்கஹால் கரைசலில் கருப்பு படிந்திருந்தால் மாற்றுங்கள்.

பெரிய கலனில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ஒன்றும் நடக்கவில்லையே" என்று இரண்டாவது டோஸ் ஊற்றாதீர்கள். இந்த வினை சும்மா கிடந்து திடீரென்று பிடிக்கும், பிடித்தால் வெப்பம் கட்டுக்கு அடங்காது. வெப்பநிலை நகராமல் நின்றால் ஊட்டத்தை நிறுத்திவிட்டு, செயல்முறைப் பாதுகாப்பு பார்க்கும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: அலுமினா மணியில் ஓரம் மட்டும் நிறம்

வினையூக்கி செய்ய நம் அமிலத்தில் ஊறவைத்த அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மணிகளில் ஒன்றை உடைத்து, வெட்டுமுகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த ஸ்டேனஸ் குளோரைடு (ஒரு தகர உப்பு) ஒரு துளி விடுங்கள். பிளாட்டினம் உள்ள இடம் ஆரஞ்சாகும். வெளி வளையம் மட்டும் நிறம் பெற்றால், குளோரோபிளாட்டினேட் அலுமினாவைக் கண்டதும் ஒட்டிக்கொண்டது என்று பொருள். சிட்ரிக் அமிலம் அல்லது கூடுதல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் இடத்துக்குப் போட்டி வந்து பிளாட்டினம் உள்ளே போகும். ஓரத்திலேயே வேண்டும் என்று செய்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இது கோளாறே இல்லை.

அறிகுறி: பில்லில் உள்ள பிளாட்டினம் கரைசலில் இல்லை

ஏமாற்று என்று முடிவு கட்டுமுன் சதவீதம் எதனுடையது என்று பாருங்கள். "8 சதவீதக் கரைசல்" என்றால் பெரும்பாலும் 8 சதவீத அமிலம். பிளாட்டினமாக அது வெறும் 3.8 சதவீதம். ஒருவர் இரண்டு சப்ளையரின் விலையை ஒப்பிட்டு, பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார். ஒன்று அமிலக் கணக்கு, மற்றது உலோகக் கணக்கு. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: பாட்டிலில் உள்ள பிளாட்டினம் எத்தனை கிராம், ஒரு கிராம் என்ன விலை? உலோகத்தின் விலை நாளுக்கு நாள் மாறும், ஆகவே எந்தத் தேதியின் விலை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தலைகீழ் குழப்பமும் உண்டு. ஹெக்சாஹைட்ரேட்டில் கணக்குப்படி 37.67 சதவீதம், சான்றிதழில் 40 என்றிருக்கும். பொய் இல்லை, ஆறு தண்ணீர் முழுதும் இல்லை, அவ்வளவுதான். அந்த லாட்டின் எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும், சூத்திரத்தின் எண்ணை அல்ல.

அதற்கும் பொருந்தாவிட்டால், சீல் உடைக்காத இன்னொரு பாட்டிலிலிருந்து மாதிரி எடுத்து இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவுதான், ஆனால் வாக்குவாதத்தைவிட மலிவு. பார்சல் வழியிலேயே நின்றுபோனால், திண்ம அமிலம் யு.என். 2507 (ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்), அரிக்கும் பொருள்களின் 8-ஆம் வகுப்பு என்று தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கூரியர் தொடவே தயங்குவார்.

அறிகுறி: வேலை செய்பவருக்குத் தும்மல்

இங்கே எளிய காரணம் தேடும் வேலை கிடையாது. இந்த உப்போடு வேலை செய்யும் நாளில் மூக்கொழுகல், கண் எரிச்சல், நெஞ்சில் விசில் சத்தம், தோலில் தடிப்பு. விடுமுறையில் எல்லாம் சரியாகிறது என்றால் அன்றே அவரை அந்த வேலையிலிருந்து விலக்கி, தொழில்சார் நோய் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்புங்கள். 1945-இல் ஹன்டரும் இரண்டு சகாக்களும் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தத் தொல்லை இருந்தது. ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி போதும். முகமூடி போட்டுக்கொண்டு தொடரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வினையூக்கி வேலைக்கு டெட்ராஅமீன் வகை பிளாட்டினம் உப்பு ஒத்துவருமா என்றும் பாருங்கள், ஒவ்வாமை விஷயத்தில் அது குளோரோபிளாட்டினேட் அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

அறிகுறி: கழிவு ஜாடியிலிருந்து எதிர்பார்த்தது வரவில்லை

பெரும்பாலும் ஜாடிக்கே வராமல் தொட்டியில் கழுவிப் போனதுதான். முதல் அலசலை ஜாடிக்கு ஊற்றுங்கள், இரண்டாவதையும்கூட. வடிதாள், கையுறை நுனி, பிப்பெட் முனை எல்லாம் தனி டப்பாவில். அலசிய நீரில் ஸ்டேனஸ் குளோரைடு ஒரு துளி விட்டு மஞ்சள் தட்டுகிற வரை அலசல் முடியவில்லை. சுத்திகரிப்பவரிடம் கொடுக்கும் முன் நன்றாகக் கலக்கி உங்கள் பங்குக்கு ஒரு மாதிரியை எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு மூடி வையுங்கள். கருப்புப் பிளாட்டினம் ஒட்டிய தாளை ஆல்கஹால் நனைந்த துணியோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். உலர்ந்த கருப்பின் மேல் ஆல்கஹால் ஆவி பட்டால் நெருப்புக்குச்சி தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும். கருப்பு எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கட்டும்.